ஒரு சாண் வரப்பும் ஏற்ற காலமும்

காவிரிப் பாசன ஊர்களில் பகை பெரும்பாலும் வரப்பில்தான் முளைக்கிறது. ஆவணி, புரட்டாசியில் சம்பாவுக்கு அண்டை வெட்டும்போது, அதாவது வரப்போரத்தைச் செதுக்கிச் சீராக்கும்போது, பக்கத்து வயல்காரர் மண்வெட்டியை ஒரு சாண் உள்ளே தள்ளிப் போட்டுவிடுகிறார். சாண் என்றால் முக்கால் அடி. வரப்பு 200 அடி நீளம் என்றால் போனது 150 சதுர அடி. தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. ஆக, ஒரு குழிக்குக் கொஞ்சம் கூட. ஏக்கருக்குச் சுமார் 302 குழி. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை நாற்பது கண்டால், குழிக்கு 8 கிலோ நெல். இந்த எட்டு கிலோவில் தொடங்கிய சண்டை ஒரு தலைமுறை முழுக்க ஓடிய குடும்பங்கள் டெல்டாவில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

இந்தக் கணக்கைப் பாதிக்கப்பட்டவரிடம் போய்ச் சொல்லக் கூடாது. "எட்டு கிலோ நெல்லுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டால் கோபம் இரட்டிப்பாகும். நெல்லுக்காக யாரும் அரிவாளைத் தொடுவதில்லை. "நான் இல்லாத நேரம் பார்த்து வெட்டினான், என்னை ஒரு ஆளாகவே நினைக்கல" என்பதுதான் உள்ளே எரிவது. வேதமும் இதைச் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. உபாகமம் 27:17 பிறனுடைய எல்லைக்குறியை நகர்த்துகிறவனைச் சபிக்கப்பட்டவன் என்கிறது. ஜனங்கள் எல்லாரும் அதற்கு ஆமென் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது, "உனக்கு நடந்தது அநியாயம்தான்" என்பது. அதைச் சொல்லாமல் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவரைப் பாதிக்கப்பட்டவர் எதிராளியின் ஆளாகத்தான் பார்ப்பார்.

அதற்குப் பிறகுதான் ரோமர் 12:19. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்." பவுல் இதை எடுத்தது உபாகமம் 32:35-லிருந்து. அங்கே அடுத்த அடியிலேயே "ஏற்றகாலத்தில்" என்ற சொல் வருகிறது. பதில் உண்டு, அதற்கு ஒரு காலமும் உண்டு, அந்தக் காலத்தைக் குறிக்கும் வேலை மட்டும் நம்முடையதல்ல. ரோமரில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: "கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்." குறுகலான வரப்பில் நாற்றுமுடிச் சுமையோடு எதிரே ஒருவர் வந்தால், ஒரு காலைச் சேற்றில் வைத்து ஒதுங்கி நிற்கிறோம், அவர் கடந்து போகிறார். இடங்கொடுப்பது அப்படித்தான். நாம் வரப்பை அடைத்துக்கொண்டு நின்றால் வரவேண்டியவர் வர முடியாது.

விட்டுக்கொடுக்கச் சொல்லப்படுவது பழி ஒன்றை மட்டும்தான். நிலத்தை விடச் சொல்லவில்லை, உண்மையை மறைக்கச் சொல்லவில்லை, மனு எழுதாதே என்றும் சொல்லவில்லை. சபைகளில் இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது. ஒருவர் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு கர்த்தருக்கு எதையும் விடுவதில்லை. இன்னொருவர் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துக் கர்த்தர் மேல் போட்டுவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறார்.

அநியாயம் தெரியவந்த அன்று ராத்திரி என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலான விபரீதம் அன்றே நடக்கிறது. அதிலும் முறைத்தண்ணி பாய்ச்சும் நேரத்தில். இருட்டு, தூக்கம் கெட்ட உடம்பு, கையில் மண்வெட்டி, எதிர் வரப்பில் அதே ஆள். திட்டம் போட்டுக் கொல்லப் போகிறவர்கள் மிகக் குறைவு. கையில் இருந்ததை வீசிவிட்டு வாழ்நாள் முழுக்க நினைத்து அழுகிறவர்கள்தான் அதிகம். எனவே அன்றைக்கு உங்கள் முறை வந்தாலும் நீங்கள் போகாதீர்கள். மச்சினனை அனுப்புங்கள், கூலிக்கு ஆள் விடுங்கள், ஒரு தண்ணி குறைந்தாலும் பயிர் செத்துவிடாது. சாராயக் கடைப் பக்கம் போகவே வேண்டாம். போனில் குரல் பதிவு அனுப்பாதீர்கள். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி. வீட்டில் ஆள் கூடி ஆளுக்கொன்று பேசினால், சூட்டைக் கிளப்புகிற அண்ணன் தம்பிகளை அனுப்பிவிட்டு, நிதானமான ஒரு தாய்மாமனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் புத்தி சொல்ல வேண்டாம், கூட இருந்தால் போதும்.

சாப்பிட வேண்டும். இது சாதாரண விஷயமாகத் தோன்றும். எலியா செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, கர்த்தருடைய தூதன் அவனுக்கு முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவன் தின்று தூங்கினான். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் பேச்சு நடந்தது அதற்கெல்லாம் பிறகுதான் (1 இராஜாக்கள் 19). வெறும் வயிற்றில் எடுத்த முடிவு எதுவும் உருப்பட்டதாக நாங்கள் பார்த்ததில்லை.

திருப்பி அடித்தால் நடப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வரப்பை வெட்டியவர் மேல் நீங்கள் கொடுக்கும் புகாருக்கு ஒரு பலம் உண்டு. நீங்கள் ஒரு அடி அடித்துவிட்டால் அவர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்வார். அவர் தரப்பில் எதிர்க்கேஸ் பதிவாகும். அதோடு வரப்பு மறைந்துவிடும். இனி பேச்சு முழுக்க அடிதடியைப் பற்றித்தான். இரண்டு தரப்புக்கும் வக்கீல், வாய்தா. கடைசியில் "நீயும் வாபஸ் வாங்கு, அவனும் வாங்கட்டும்" என்று ராஜி ஆகும்போது, உங்கள் ஒரு சாணைப் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்து அவன் பெயரும் எஃப்ஐஆரில் சேர்ந்துவிட்டால், போலீஸ் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விசாரணை வரும்போது அது முன்னால் வந்து நிற்கும். பழிவாங்கப் போனவர்கள் பெரும்பாலும் எதிராளியைத் தண்டிப்பதில்லை, அவருடைய குற்றத்தை அழித்துக் கொடுக்கிறார்கள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் ஒரு வேலை இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாதது. வரப்பைப் பூசிவிட்டால் மூன்றே நாளில் வெட்டின தடம் தெரியாது. ஆகவே டேப் எடுத்துக்கொண்டு போய், வரப்பின் மேலகலம், அடியகலம், பக்கத்திலுள்ள நகராத ஏதாவது ஒன்றிலிருந்து (மதகுச் சுவர், மோட்டார்க் கொட்டகை, பனைமரம்) வரப்பு வரைக்கும் எத்தனை அடி என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். டேப் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், சர்வே எண், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். நடந்தது மட்டும் போதும். "அந்தத் துரோகி" போன்ற வார்த்தைகள் வேண்டாம். எழுத எழுதக் கை நடுக்கம் நிற்பதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் ஏறிவிட்டால் மனசு அதை ராத்திரி பகலாக மனப்பாடம் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

வரப்பு இல்லாமல் தண்ணீரே தகராறு என்றால் சட்டம் இன்னும் கடுமை. பாசனத்துக்குப் போகிற தண்ணீரை வேண்டுமென்றே குறைக்கிற செயலுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வாய்க்காலை மறித்தவரை நாமே போய் மறிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதிகாரத்தில் இருப்பவரைத் தேவஊழியக்காரன் என்று ரோமர் 13:4 சொல்வதும், பழிவாங்காதே என்று 12:19 சொல்வதும் பத்து வசன இடைவெளிக்குள் இருக்கின்றன. தனி மனிதன் கையிலிருந்து வாங்கிய ஒன்றைக் கர்த்தர் ஒரு ஒழுங்கின் கையில் கொடுத்திருக்கிறார்.

இப்போது காத்திருப்பு. அளந்து கல் போட்டால்தான் வரப்புத் தகராறு தீரும். ஆனால் புரட்டாசியில் அளக்க முடியாது. வயலில் தண்ணீர், பிறகு நடவு, பிறகு ஐப்பசி அடைமழை, மார்கழியில் பொதி கட்டிய பயிர். தை, மாசியில் அறுவடை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் தெளித்த உளுந்து பங்குனி வரைக்கும் நிற்கும். மேட்டூர் ஜனவரி 28-இல் அடைத்து ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆகப் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை, நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் சங்கிலி போட ஏற்ற காலம். சண்டை தண்ணீர்க் காலத்தில் வருகிறது, தீர்வு வெயில் காலத்தில்தான் வரும். நடுவில் ஏழு மாதம். டெல்டாவில் "காத்திரு" என்று சொல்வது வெறும் உபதேசம் கிடையாது, நிலமே வைத்திருக்கிற கெடு.

இந்த ஏழு மாதத்தில் செய்ய வேண்டியது இருக்கிறது. பட்டா, கிரயப் பத்திரம், புலப்படம் (நிலத்தின் எல்லைக் கோடுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) மூன்றையும் எடுத்து வைக்க வேண்டும். இ-சேவை மையத்தில் அத்து (எல்லை) காட்டச் சொல்லி நில அளவைக்கு மனு செய்ய வேண்டும். மாசியிலேயே கொடுத்துவிட்டால் சித்திரையில் முறை வரும் வாய்ப்பு உண்டு. வைகாசியில் நினைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் தண்ணீர் வந்து இன்னொரு வருடம் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம் வேறொன்று: கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி நால்வர் பெயரில் ஒரே பட்டா, வாய்ப் பேச்சில் பிரித்துக்கொண்ட பாகம் என்றால், புலப்படத்தில் உங்கள் கோடு இருக்கவே இருக்காது. சர்வேயர் வந்து வெளி எல்லையைக் காட்டிவிட்டுப் போவார்; உள்ளே உள்ள வரப்பைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம், அப்புறம் உட்பிரிவு, அப்புறம்தான் கல். பங்காளிச் சண்டைகள் பல தலைமுறை இழுப்பதற்கு இந்தக் கோடு இல்லாததே காரணம், மனக்கசப்பு அதன் மேல் வளர்ந்தது. இன்னொன்று, பழைய புல எல்லைக் கல் மண்ணுக்குள் போயிருக்கும். அளக்க வருவதற்கு முன்னாலேயே மூங்கில் கொத்தின் அடியிலோ வாய்க்கால் கரையிலோ தோண்டித் தேடி வைக்க வேண்டும். கல் கிடைக்காவிட்டால் எங்கிருந்து அளப்பது என்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கும்.

போய்ப் பேச வேண்டும், இதுவும் கட்டளைதான். மத்தேயு 18:15 முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. எங்கே, எப்போது என்பதில்தான் நம் ஊர்ச் சூட்சுமம் இருக்கிறது. வயலில் வேண்டாம், தண்ணீர் முறையில் வேண்டாம், டீக்கடையில் வேண்டவே வேண்டாம். அங்கே அவர் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் பார்க்கிறவர்கள் முன்னால் முடியாது. பகலில் அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். மகனைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். எப்போதும், எல்லாம், உங்கப்பன் காலத்திலிருந்தே, இந்த மூன்றும் வாயில் வரக் கூடாது. இப்படிச் சொன்னால் போதும்: "சித்தப்பா, நம்ம மேலவரப்பு இந்த வருசம் ஒரு சாண் உள்ள வந்திருக்கு. தெரியாம கூட வெட்டிருக்கலாம். சித்திரையில அளந்து கல்லு போட்டுக்குவோம், நீங்களும் வந்து நில்லுங்க." அவர் "பாப்பம்" என்பார். அதற்குமேல் அன்றைக்குப் பேச வேண்டியதில்லை. "பாப்பம்" என்பதில் பாதி ஒப்புதல் இருக்கிறது. உடனே ஒப்புக்கொள் என்று நெருக்கினால் அந்தப் பாதியும் போய்விடும்.

அது பலிக்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அடுத்த வசனம். இதில் நம் சபைகள் தவறுவது ஆள் தேர்வில். நமக்கு வேண்டியவர்களையே கூட்டிப் போனால் அது சாட்சி இல்லை, படை. ஒருவராவது அவர் மதிக்கிறவராக இருக்க வேண்டும். இருவரிடமும் கடன் வாங்காதவராகவும் இருக்க வேண்டும். எதிராளி சபைக்கு வெளியே உள்ளவர் என்றால் இந்த வரிசை அப்படியே பொருந்தாது, ஆனால் தனியாகப் பேசிப் பார்ப்பதற்கு மதம் தடையில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்ற வசனத்தில் "உங்களாலானமட்டும்" என்ற எல்லைக்கல்லையும் பவுல் சேர்த்தே நட்டிருக்கிறார்.

"கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிற நம் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு தொனி உண்டு. ஒன்று, பாரத்தை இறக்கி வைத்தவரின் தொனி. மற்றொன்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது. இரண்டாவதைச் சொல்கிறவர் அன்றிலிருந்து எதிராளியின் வீட்டைக் கவனித்துக்கொண்டே இருப்பார். மாடு செத்ததா, மகள் கல்யாணம் தட்டிப்போனதா, வண்டியில் விழுந்தானா. கோயிலில் காசு வெட்டிப் போடுகிறவர்களும் மண்ணை வாரித் தூற்றுகிறவர்களும் கேட்பதையேதான் நாம் வேத வசனத்தைச் சொல்லிக் கேட்கிறோம். அது பழியைக் கர்த்தரிடம் விட்டதாகாது, பழிக்குக் கர்த்தரை ஆளாக வைத்ததாகும். எதிராளிக்கு நிஜமாகவே ஒரு விபத்து நேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருவர் எழுந்து "கர்த்தர் காண்பித்தார்" என்று சாட்சி சொல்லும்போது மனம் கனத்துப் போகும். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்ற எல்லாரிலும் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னவர் இயேசு (லூக்கா 13). எதிரி விழும்போது சந்தோஷப்படாதே என்பது நீதிமொழிகள் 24:17. நம் காத்திருப்பு எந்த வகை என்று தெரிய ஒரு சோதனை போதும்: அவன் வீட்டுக் கஷ்டம் காதில் விழுந்ததும் முதலில் மனசில் வருவது என்ன?

கோபத்தை எங்கே கொண்டுபோவது என்றால் சங்கீதங்களுக்கு. 109-ஆம் சங்கீதம் கேட்பவர் காது கூசும் அளவுக்குக் கடுமையானது. அந்தக் கடுமையையும் சேர்த்துத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, என்ன ஆக வேண்டும் என்று மனம் கேட்கிறதோ அதையும் மறைக்காமல் கர்த்தரிடம் சொல்லலாம். ஆனால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. உபவாசக் கூட்டத்தில் பெயரைச் சொல்லி ஜெபக் குறிப்பு கொடுத்தால் அன்று சாயங்காலமே அது ஊர் முழுக்கப் போய்விடும், ஜெபம் புறணியாகிவிடும். தினமும் ஒரு நேரம் வைத்துக்கொள்வது நல்லது. மாலை விளக்கேற்றிய பிறகு கால் மணி நேரம். சூரியன் மறையும் முன் எரிச்சல் தணியக்கடவது என்ற எபேசியர் 4:26-ஐ, ஒரே நாளில் தணிந்துவிட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியில் தவிக்கிறவர்கள் உண்டு. இன்றைய பங்கை இன்றைக்கு இறக்கி வைப்பது என்று எடுத்துக்கொண்டால் நடக்கும். நாளைக்குத் திரும்ப வரும். திரும்ப இறக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் ஒரு நாள் சந்தர்ப்பம் வரும். அவருடைய மோட்டார்க் கொட்டகை பூட்டாமல் கிடக்கும். பங்குனி வெயிலில் வைக்கோல் போர் காய்ந்து நிற்கும், ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். தாவீதுக்கு என்கேதி குகையில் சவுல் அப்படித்தான் தனியாகக் கிடைத்தான். கூட இருந்தவர்கள், கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்றார்கள். கையில் கிடைத்ததெல்லாம் கர்த்தரின் காலம் அல்ல என்று தாவீது புரிந்துகொண்டான். சால்வையின் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது (1 சாமுவேல் 24). ஆனால் அடுத்த அதிகாரத்தையும் விடாமல் படிக்க வேண்டும். ராஜாவை விட்டுவிட்ட அதே தாவீது, நாபால் என்ற ஒரு பண்ணைக்காரன் அவமானப்படுத்திப் பேசியதற்காக 400 பேரைப் பட்டயம் கட்டச் சொல்லிக் கிளம்பிவிட்டான். அபிகாயில் 200 அப்பங்களோடும் சமைத்த ஐந்து ஆடுகளோடும் வழியில் வந்து மறித்திருக்காவிட்டால் அன்று ஒரு வீடே அழிந்திருக்கும். பெரிய துரோகத்தைப் பொறுத்துக்கொண்டவர் ஒரு சின்னச் சொல்லில் உடைவது நம் வீடுகளிலும் நடக்கிறது. அதனால் ஒரு அபிகாயிலை முன்னாலேயே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது "எங்க போறீங்க?" என்று கேட்கிற உரிமை உள்ள ஒருவர். பெரும்பாலும் அது மனைவி; அவர் குறுக்கே நிற்கும்போது ஒதுங்கிப் போகச் சொல்லாதீர்கள்.

தஞ்சாவூரிலேயே இதற்கொரு பழைய சான்று உண்டு. துளஜா மன்னர் 1787-இல் தத்தெடுத்த பிள்ளை சரபோஜியை ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பொறுப்பில் விட்டு இறந்தார். அரியணையை மன்னரின் சகோதரர் அமர்சிங் எடுத்துக்கொண்டார். சுவார்ட்ஸ் ஆள் திரட்டவில்லை. மனு எழுதினார், மறுபடி எழுதினார், பிள்ளைக்கு ஆபத்து என்று கண்டதும் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பதினோரு வருடம் போனது. 1798-இல் சரபோஜி அரசரானார். அதே ஆண்டு பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்துவிட்டிருந்தார். கேட்டது கிடைத்ததைப் பார்க்க அவர் இல்லை. அடுத்த ஆண்டே ஆட்சி கம்பெனி கைக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காத்திருந்து கிடைப்பது நாம் நினைத்த வடிவத்திலேயே கிடைக்கும் என்பதில்லை. சிவகங்கைப் பூங்காப் பக்கத்தில் அவர் பெயராலேயே வழங்கும் தேவாலயத்தில், சாகும் ஐயரின் கையைச் சரபோஜி பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்யவைத்தவர் சரபோஜியே. தஞ்சாவூர் போனால் பாருங்கள்.

காத்திருப்பு வேறு, காலாவதி வேறு. கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாக மூன்று வருடம், நிலத்தின் அனுபவத்தைத் திரும்பப் பெறப் பன்னிரண்டு வருடம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. சட்டப்படி இல்லாமல் உங்களை நிலத்திலிருந்து வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்தத் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அந்தத் தீர்வின் மேல் அப்பீலும் கிடையாது. யோசேப்பு சிறையில் இருந்தபோது பானபாத்திரக்காரனிடம் தன்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல்லும்படி கேட்டான். அவன் மறந்து இரண்டு வருடம் போனது. கேட்டது விசுவாசக் குறைவு என்று ஆதியாகமம் எங்கேயும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காத்திருக்கச் சொல்லக் கூடாது. வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணிடம், குழந்தையைத் தொட்டவன் விஷயத்தில், சாதி சொல்லி அடித்தவன் விஷயத்தில் "பொறுமையாக இரு, கர்த்தருடைய வேளை வரும்" என்று சொல்கிற போதகரோ மூப்பரோ தவறு செய்கிறார். அங்கே ஏற்ற காலம் இன்றைக்கே. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் பொறுமையைப் போதிப்பதில் டெல்டாவுக்கு நீண்ட, வெட்கப்பட வேண்டிய பழக்கம் உண்டு. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார், 1980-இல் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்களிடம் போய் மன்னிப்பைப் பற்றி வெளியாள் யாரும் பேச யோக்கியதை இல்லை. அதே மண்ணில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி தங்கி உழைத்து, 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் காந்திய வழியினர், கிறிஸ்தவர்கள் அல்ல. பழியும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டும் இராமல் மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது என்பதை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

வரப்புக்குத் திரும்புவோம். ரத்தம் வராத பழி ஒன்று டெல்டாவில் மிகச் சாதாரணம்: அறுப்பு வண்டிக்கு வழி விடாதது. தை மாதம், அவருடைய வயல் உள்ளே, உங்களுடையது பாதையோரம். பெல்ட் வண்டி உங்கள் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். நீங்கள் அறுத்தாயிற்று. "என் வயல்ல வண்டி எறங்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தச் சட்டமும் உங்களை உடனே ஒன்றும் கேட்காது. வானம் மூடிக்கொண்டிருக்கும். ஒரு மழை பெய்தால் சாய்ந்த கதிர் முளைக்கும். முளைக்காவிட்டாலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி மூட்டைகள் திரும்பும். புரட்டாசியிலிருந்து நீங்கள் காத்திருந்தது இதற்காகத்தானோ என்று மனசு கேட்கும்.

வழி விடுவதற்கு விலை உண்டு. பெல்ட் ஏறிய இடத்தில் வரப்பு தட்டையாகிவிடும், இரண்டு ஆள் அரை நாள் வேலை. தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும், வண்டித் தடத்தில் அது போய்விடும். நஷ்டத்தைக் குறைக்க வழி இருக்கிறது: போகவும் வரவும் ஒரே தடம், வரப்பு ஓரத்தை ஒட்டி, திரும்பும் இடம் அவர் வயலுக்குள் என்று டிரைவரிடம் நீங்களே நின்று காட்டலாம். வரப்பு குறுக்கே வரும் இடத்தில் இரண்டு கட்டு வைக்கோலைப் பிரித்துப் போட்டால் அவ்வளவாக நசுங்காது. சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு என்ற வசனம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வந்து நிற்கிறது. "இதை விடறேன், நீ வரப்பை விடு" என்று பேரம் பேசக் கூடாது. பேரம் பேசினால் அவர் வேறு வழி தேடுவார். வண்டி போன பிறகு வரப்பைப் பூசக் கூலி கேட்பதில் தப்பில்லை.

வழிவிட்டதால் அவர் மனம் மாறும் என்று உறுதி சொல்ல முடியாது. மாறாதவர்களும் உண்டு. ஈசாக்கின் தகப்பன் காலத்துத் துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்தார்கள். தோண்டினான், சண்டைக்கு வந்தார்கள். அதற்கு ஏசேக்கு என்று பெயரிட்டான். அடுத்ததையும் விடவில்லை, சித்னா. மூன்றாவதில்தான் ரெகொபோத், கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்றான். அவன் கூடாரக்காரன், பெயர்ந்து போக முடிந்தது. ஒரு மா நிலத்துக்காரர் வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் வேறு மடையிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கலாம், அந்த வரப்பை ஒட்டி ஒரு வருடம் நடக்காமலே இருக்கலாம், முறையை வேறு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம். நகர முடிந்ததை நகர்த்துங்கள். மன்னித்தாயிற்று என்பதற்காகச் சாவியைக் கொடுக்கவும் வேண்டாம். யோசேப்பு சகோதரரை மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைப் பிடித்து வைத்தான், பென்யமீன் சாக்கில் பாத்திரத்தை வைத்துச் சோதித்தான். பிறகுதான் தன்னை வெளிப்படுத்தி அழுதான். அவனை விற்றபோது வயது 17, அன்றைக்கு 39.

சித்திரையில் சர்வேயர் வரும் நாள் முடிவானதும், நோட்டீஸ் தபாலில் போனாலும், நேரில் போய் "சித்தப்பா, வியாழக்கிழம காலையில வர்றாங்க" என்று சொல்லுங்கள். கல் முன்னாலேயே வயலில் கிடக்கட்டும், கடப்பாரை, மண்வெட்டி, தண்ணீர்க் குடம் எல்லாம் தயாராக இருக்கட்டும். அளவு உங்களுக்கு எதிராக வந்தால் அன்றைக்கே வாயைத் திறக்காதீர்கள். மறு அளவைக்கு மனு போட வழி இருக்கிறது. உங்கள் பக்கம் வந்தால், அவர் மகன் கையில் கடப்பாரையைக் கொடுத்துக் குழி தோண்டச் சொல்லுங்கள். தன் கையால் நட்ட கல்லை யாரும் எளிதில் பிடுங்க மாட்டார்கள். முன்பு தன்னைப் போகச் சொன்ன ராஜா அபிமெலேக்கு சமாதானம் பேச வந்தபோது ஈசாக்கு விருந்து வைத்தான். வெயிலில் நின்றவர்களுக்கு மோரும் ஒரு பொட்டலம் சாப்பாடும் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே வாங்கி வையுங்கள். ஆவணியில் மறுபடி அண்டை வெட்டி வரப்புப் பூசும்போது கல்லைச் சேற்றில் மூடிவிடாமல், நாலு விரல் அளவுக்காவது தலை வெளியே தெரிகிற மாதிரி விட்டுப் பூசச் சொல்லுங்கள்.